நல்ல ரன்னிங் கண்டிஷன்

ராஜபாளையத்திலிருந்து நண்பன் போன் செய்தான். என்னோடு பி.காம். படித்தவன். லண்டனிலிருந்து அவனுடைய சித்தப்பா கொண்டுவந்த கார் ஒன்று வீட்டில் நிற்கிறது. சித்தப்பா இப்போது இல்லை. மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும், காரை விற்கப் போகிறான்.

"பேப்பர்ல வரி விளம்பரம் கொடுக்கணும் மாப்ளே. நீதான் எழுதுறவனாச்சே, நாலு வார்த்தை எழுதிக் கொடு."

நாலு வார்த்தையையும் அவனே சொல்லிவிட்டான். வின்டேஜ். டர்போ. கன்வெர்ட்டிபிள். நல்ல ரன்னிங் கண்டிஷன்.

இதில் நான் எழுத என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால், எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு வார்த்தையைப் பார்த்தால் அது எங்கே பிறந்தது என்று நோண்டாமல் இருக்க முடியாது. நோண்டினேன். நாலு வார்த்தைக்கும் நாலு கதை இருந்தது. நாலில் ஒன்று பச்சைப் பொய் என்பதும் பிறகு தெரிந்தது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வார்த்தை, வின்டேஜ்.

இது கார் கடைச் சொல்லே இல்லை, திராட்சைத் தோட்டத்துச் சொல். எந்த வருஷத்து அறுவடையில் பிழிந்த ஒயின் என்பதைச் சொல்ல வந்தது. பழைய ஒயினுக்கு மதிப்பு அதிகம் என்பதால், பழைய காருக்கும் அதையே சூட்டிவிட்டார்கள். இங்கிலாந்தில் 1934-ல் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் சேர்ந்து ஒரு கிளப் தொடங்கினார்கள். அவர்கள் கணக்கு ரொம்பக் கறார். 1930-க்குள் செய்த காராக இருக்க வேண்டும். 1931-ல் பிறந்திருந்தால், மன்னிக்கவும், உள்ளே இடமில்லை.

நம் நாட்டுக் கணக்கு வேறு. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி வின்டேஜ் வண்டிகளுக்கென்று தனி ஏற்பாடு செய்தது. முதலில் பதிவு செய்த நாளிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். வண்டியின் அசல் உருவத்தைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அதில் தினமும் ஆபீஸுக்குப் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் மாதிரியான காரியங்களுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். விற்கவும் தடையில்லை. விற்றவரும் வாங்கியவரும் 90 நாளுக்குள் போக்குவரத்துத் துறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

சித்தப்பா கார் 1989 மாடல். லண்டன் கணக்குப்படியும் வின்டேஜ் இல்லை, டெல்லி கணக்குப்படியும் இல்லை. "வின்டேஜ் செல்லாது, 'பழைய'ன்னு போடு" என்றேன். "பழையன்னா விலை குறையுமேடா" என்றான். பார்த்தீங்களா? ஒரே வயசுதான். தமிழில் சொன்னால் காயலான் கடை, இங்கிலீஷில் சொன்னால் மியூசியம்!

இரண்டாவது வார்த்தை, டர்போ.

என்ஜினில் பெட்ரோல் எரிகிறது. எரிந்த புகை சைலன்ஸர் வழியாக வெளியே போகிறது. அந்தப் புகையில் சூடும் வேகமும் நிறைய இருக்கிறது. அத்தனையும் வீண். அதைக் கொண்டு ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றவைத்தால்? அந்தக் காற்றாடியின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி வைத்து, அது வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளினால்? காற்று அதிகம் போனால் பெட்ரோலையும் அதிகம் எரிக்கலாம். சின்ன என்ஜின் பெரிய என்ஜினின் வேலையைச் செய்யும். ஸ்விட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்ஃபிரட் பூஷி 1905-ல் இந்த யோசனைக்குப் பேட்டன்ட் வாங்கினார். கரும்புச் சக்கையை எரித்து அதே கரும்புச் சாற்றைக் காய்ச்சுகிற நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்ப நேரம் ஆகாது.

அந்தக் காற்றாடி நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுற்றும். கப்பலுக்கும் விமானத்துக்கும் டர்போ முதலில் போனது. கடையில் வாங்கக்கூடிய காருக்கு வந்தது 1962-ல். ஜெனரல் மோட்டார்ஸ் அந்த வருஷம் இரண்டு கார்களை விட்டது. ஒன்று செவர்லே கார்வேர் மான்ஸா ஸ்பைடர். அது திறந்த காராகவும் கிடைத்தது. நம் நண்பன் விளம்பரத்தின் முப்பாட்டன் என்று அதைச் சொல்லலாம். இன்னொன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்.

இந்த ஜெட்ஃபயர் கதையைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பின்னால் தேவைப்படும்.

டர்போ காற்றை அமுக்கும்போது என்ஜின் சூடேறி 'டக டக' என்று தட்டும். அதைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை உள்ளே தெளிக்கும்படி கம்பெனி செய்திருந்தது. அதற்குத் தனியாக ஒரு தொட்டி. தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்ரோல் போடவே சலித்துக்கொள்கிற ஜனம் இதை எங்கே ஊற்றப் போகிறது? தொட்டி காய்ந்தால் டர்போ பலம் தானாகக் குறைந்துவிடும். 'காசு கொடுத்தேன், வேகத்தைக் காணோம்' என்று புகார்கள். கடைசியில், 1965-ல் கம்பெனியே இறங்கிவந்தது. டர்போவைக் கழற்றிவிட்டு, சாதாரண கார்புரேட்டரை மாட்டித் தருகிறோம் என்றது. பலர் அப்படியே செய்துகொண்டார்கள். டர்போ போய்விட்டது. காரின் பெயர் மட்டும் அதே ஜெட்ஃபயர்!

இன்றைக்கு டர்போ இப்படிப்பட்ட விளையாட்டுச் சாமான் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் பையனூரிலேயே டர்போ செய்கிறார்கள். நெடுஞ்சாலையில் நம்மை முந்துகிற லாரி, பஸ் எல்லாவற்றிலும் அதுதான் விசிலடிக்கிறது.

மூன்றாவது வார்த்தை, கன்வெர்ட்டிபிள். கூரையை மடக்கிவிட்டு வெயில் வாங்கிக்கொண்டு போகிற கார்.

ஆதியில் பெரும்பாலான கார்களும் திறந்த கார்கள்தான். குதிரை வண்டிக்குப் பிறந்த பிள்ளை வேறு எப்படி இருக்கும்? கூரை போட்ட கார்தான் அப்போது பணக்காரருக்கு. 1920-களில் அமெரிக்காவில் மூடிய கார் விலை இறங்கியதும் எல்லாம் தலைகீழ். கூரை ஏழைக்கு, வானம் பணக்காரருக்கு என்றாகிவிட்டது.

நம் ஊருக்கு இந்த வெளிநாட்டுப் படகுகள் எப்படி வந்தன தெரியுமா? சுதந்திரத்துக்குப் பிறகு கார் இறக்குமதி கிட்டத்தட்ட பூட்டப்பட்டது. ஆனால் தூதரகத்துக்காரர்கள் கொண்டுவரலாம். அவர்கள் நாடு திரும்பும்போது அந்தக் கார்கள், 1956-ல் தொடங்கிய ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற அரசு நிறுவனத்துக்குப் போகும். அது டெண்டர் விடும். சினிமாக்காரர்களும் மில் முதலாளிகளும் வரிந்துகட்டி எழுதுவார்கள். இம்பாலாக்கள் இப்படியும் வந்தன. அதாவது, ஊரே வாய்பிளந்து பார்த்த கார்களில் பல, யாரோ ஓட்டி முடித்த செகண்ட் ஹேண்ட் கார்கள்! எம்.ஆர்.ராதா தன் இம்பாலாவில் வைக்கோல் ஏற்றினார் என்று இன்றைக்கும் கதை சொல்வார்கள். காரின் மரியாதையை அவர் அளந்த விதம் அது.

கன்வெர்ட்டிபிளை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய விற்பனைக் கூத்து நடந்தது. பாதுகாப்பு விதிகள் கடுமையாகி திறந்த கார்களே ஒழிந்துவிடும் என்று பேச்சு. 1976-ல் காடிலாக் கம்பெனி, 'எல்டொராடோதான் கடைசி அமெரிக்க கன்வெர்ட்டிபிள்' என்று அறிவித்தது. அவ்வளவுதான். ஓட்டுவதற்கு இல்லாமல், பீரோவில் நகை வைப்பதுபோல் வாங்கிப் பூட்டினார்கள் பலர். 1982-ல் கிரைஸ்லர் ஒரு கன்வெர்ட்டிபிளை விட்டது. 1984 மாடலாக அதே காடிலாக், அதே எல்டொராடோவைக் கூரை மடங்குகிற காராக மறுபடி விற்றது! கடைசி என்று நம்பி வாங்கியவர்கள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். கார் அதே கார். ஓடுகிறது, கூரை மடங்குகிறது. கெட்டுப்போனது ஒரே ஒரு வார்த்தைதான்.

சரி, நாலாவதுக்கு வருவோம். நல்ல ரன்னிங் கண்டிஷன்.

ஒரு காலத்தில் இந்த வார்த்தை நம் நாட்டில் தேவையே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பி.காம். முதல் வருஷம் எங்களுக்குத் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. எந்தப் பொருளும் வருஷா வருஷம் மதிப்புக் குறையும். வருமான வரிக் கணக்கில் காருக்கு 15 சதவிகிதம் கழிக்கலாம். இது புத்தகம். ஆனால் எங்களுக்கு முந்தைய தலைமுறைக்கு நடந்தது வேறு. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இருந்ததே மூன்று கார். புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1959-ல் கார் விநியோகத்துக்கென்றே ஒரு கட்டுப்பாட்டு ஆணை வந்தது. புதுக் கார் வாங்கியவர் 2 வருஷத்துக்குள் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது என்றது. 1969-ல் விலையையும் அரசே நிர்ணயித்தது. கார் கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின.

ஏன் இத்தனை பூட்டு? பழைய கார் புதுக் காரைவிட அதிக விலைக்குப் போனதுதான் காரணம். கம்பெனி விலைக்கு வாங்கி, மறுநாளே லாபத்துக்குத் தள்ளிவிடலாம். தேய்மானம் தலைகீழாக வேலை செய்த தேசம்! பொருளே கிடைக்காத இடத்தில் 'கண்டிஷன் எப்படி?' என்று எவன் கேட்பான்? சாவியைக் கொடுத்தால் போதும் என்று வாங்கிப் போனார்கள்.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. 1991-க்குப் பிறகு வரிசையாக மற்ற கம்பெனிகள் வந்தன. வரிசையில் நின்றவன் கையைக் கட்டிக்கொண்டு தேர்ந்தெடுக்க ஆரம்பித்தான். அப்போதுதான் அந்தக் கேள்வி பிறந்தது. வண்டி எப்படிங்க, நல்லா ஓடுமா?

இந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு நோபல் பரிசு வாங்கினார் ஒருவர். பெயர் ஜார்ஜ் அகர்லாஃப். அமெரிக்கப் பொருளாதார நிபுணர். அவர் சொன்னது இவ்வளவுதான். நல்ல காருக்கு 1 லட்சம், மோசமான காருக்கு 50,000 என்று வைத்துக்கொள்வோம். எது எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் நடுவாக 75,000-தான் தருவேன் என்பார். நல்ல கார் வைத்திருப்பவர், 'போய்யா' என்று விற்காமல் போய்விடுவார். மிஞ்சுவது மோசமான கார்கள். அது தெரிந்ததும் வாங்குபவர் விலையை இன்னும் இறக்குவார். கடைசியில் சந்தையில் ஓட்டை உடைசல் மட்டும்தான் நிற்கும். பொய் சொல்கிறவன் வாங்குகிறவனை மட்டும் ஏமாற்றவில்லை, உண்மை சொல்கிறவனையும் சேர்த்து சந்தையை விட்டே விரட்டுகிறான்.

மோசமான காருக்கு அமெரிக்கக் கொச்சையில் எலுமிச்சம்பழம் என்று பெயர். கட்டுரைக்கும் அதையே தலைப்பில் வைத்தார். நாம் புதுக் காரின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அங்கே காரே எலுமிச்சம்பழம்!

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அகர்லாஃப் 1967-68-ல் இந்தியாவில் இருந்தார். கட்டுரையைப் போட முடியாது என்று முதல் பத்திரிகை திருப்பி அனுப்பிய கடிதம் இங்கே இருக்கும்போதுதான் அவருக்குக் கிடைத்தது. மொத்தம் மூன்று பத்திரிகைகள் மறுத்தன. 1970-ல் நான்காவது பத்திரிகை வெளியிட்டது. அதில் நம் வீட்டுப் பெண்களும் வருகிறார்கள். கடைக்காரர் வேண்டுமென்றே அரிசியின் நிறத்திலேயே கல்லைக் கலப்பதையும், வீட்டில் அதைப் பொறுக்கிப் பொறுக்கி எடுப்பதையும் உதாரணமாக எழுதியிருக்கிறார். நம் அம்மா சுளகும் கையுமாக உட்கார்ந்து செய்தது பொருளாதாரம் என்று நமக்குத் தெரியாமல் போயிற்று. 2001-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. அதே 2001-ல்தான் மாருதி, 'ட்ரூ வேல்யூ' என்று பழைய கார் கடைகளைத் தொடங்கியது. சோதித்துப் பார்த்து, வாரண்டியோடு விற்பது. அகர்லாஃப் சொன்ன நோய்க்கு அகர்லாஃப் சொன்ன மருந்து.

இவ்வளவையும் படித்துவிட்டு ராஜபாளையம் போனேன். காரைப் பார்க்காமல் எப்படி எழுதுவது?

வேப்ப மரத்தடியில் தார்ப்பாயை விலக்கினான். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. கூரையை மடக்கினோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தப்பா காலத்து மெக்கானிக் இருக்கிறார், ஒரு முறை காட்டிவிட்டு வருவோம் என்று கிளம்பினோம். பதினோரு கிலோமீட்டர் சொச்சம். இடதுபக்கம் முழுக்க மேற்குத்தொடர்ச்சி மலை. தலைக்கு மேலே வானம். வண்டி ஒரு முனகல் இல்லாமல் போனது. 'நல்ல ரன்னிங் கண்டிஷன்' என்பதில் எனக்குச் சந்தேகமே போய்விட்டது.

டாஷ்போர்டில் டர்போவுக்கென்று ஒரு முள் இருந்தது. மிதித்தபோதும் அது அசையவில்லை. முள்தான் ரிப்பேர் போல என்று நினைத்தேன்.

மெக்கானிக் அண்ணாச்சி பானெட்டைத் திறக்கக்கூட இல்லை.

"டர்போவா? அது ஏழெட்டு வருஷம் முன்னாடியே போயிருச்சே தம்பி. ஸ்பேர் கெடைக்கல. உள்ள இருந்த சக்கரத்தைக் கழத்திட்டு வெறும் கூட்டை மாட்டி வெச்சேன். சித்தப்பாதான் சொன்னாரு. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது."

ஜெட்ஃபயர்! பின்னால் தேவைப்படும் என்றேனே, அது இங்கேதான்.

திரும்பும்போது இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அவன்தான் ஆரம்பித்தான். "எவனும் கேக்கப் போறதில்ல மாப்ளே. கேட்டாச் சொல்லுவோம். கேக்கலைன்னா நாமளா ஏன் சொல்லணும்?"

சட்டப்படி அவன் சொன்னதில் பாதி சரி. நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பாடம்தான். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு. அதில் ஒரு குதிரை உதாரணம் வரும். ஒருவன் ஏலத்தில் குதிரை விற்கிறான். அதற்குக் குறை இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். ஆனால் வாங்குவது அப்போதுதான் மேஜரான அவன் மகள் என்றால்? அப்போது சொல்லியே ஆக வேண்டும். 'நீங்க மறுக்கலைன்னா குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்குவேன்' என்று வாங்குபவர் கேட்டபிறகும் பேசாமல் இருந்தால்? அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

"பேசாம இருந்தா தப்பில்லதான்டா. ஆனா நீ பேசாம இல்லையே. விளம்பரத்துல டர்போன்னு எழுதச் சொல்றே. அது நீ பேசுறது" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. மகளுடைய ஃபீஸ் கணக்கு அவன் மனசில் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு என்ன, கட்டுரை எழுதிவிட்டுப் போய்விடுவேன். அவனுக்கு அந்த ஒரு வார்த்தை பெரிய தொகை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில் தேரைப் பார்த்திருப்பீர்கள். ஆடிப்பூரத்துக்கு ஓடுகிற பெரிய தேர். மரச் சக்கரக் காலத்தில் அது நிலைக்கு வந்துசேர நாள்கணக்கில் ஆகும் என்பார்கள். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திய பிறகுதான் தொல்லை தீர்ந்தது. அந்தத் தேரின் கண்டிஷன் பற்றி யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. வடம் பிடிக்கிற ஆயிரம் கைக்கும் தெரியும், ஓடுகிறதா நிற்கிறதா என்று. காருக்கு அப்படி இல்லை. பானெட் என்று ஒரு மூடி இருக்கிறது. சித்தப்பா காரை ஊருக்குள்ளேயே விற்றால் விளம்பரமே வேண்டாம், எல்லோருக்கும் எல்லாம் தெரியும். விளம்பரம் என்பதே தெரியாதவனுக்குத்தானே?

ராத்திரி பத்து மணிக்கு அவனே எழுதி அனுப்பினான்.

'1989 மாடல் வெளிநாட்டு கன்வெர்ட்டிபிள். டர்போ வேலை செய்யாது. மற்றபடி நல்ல ரன்னிங் கண்டிஷன்.'

வின்டேஜையும் அவனே எடுத்துவிட்டான்.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உண்மை சொன்னதற்காக யாரும் கூடுதலாகக் காசு கொடுக்கவில்லை. முதலில் விசாரித்த இரண்டு பேர் 'டர்போ இல்லையா?' என்று போனை வைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் நேரில் வந்தார். அவன் நினைத்த விலைக்கு நன்றாகக் கீழே கேட்டார். கொடுத்துவிட்டான். ஃபீஸுக்கு மீதியை வேறு இடத்தில் புரட்டினான்.

வாங்கியவர் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "டர்போ தவிர வேற ஏதாச்சும் இருக்கா சார்?"

"இல்லைங்க" என்றிருக்கிறான்.

பானெட்டைத் திறக்காமலேயே சாவியை வாங்கிக்கொண்டு போனாராம் அவர்.